இரண்டாம் பக்கம்

“இது பயோடேட்டாவா, சர்க்கஸ் நோட்டீஸா?”

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக் கணவர் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏங்க, நல்லாத்தானே இருக்கு?”

“மேல நீலப் பட்டை, ஓரத்துல ஆரஞ்சுக் கோடு, வட்டத்துக்குள்ள போட்டோ! பயோடேட்டான்னா வெள்ளைப் பேப்பர்ல கறுப்பு எழுத்து. அவ்வளவுதான். தினம் ஆபீஸ் போறவன் சொல்றேன், கேட்டுக்கோ.”

“கட்டுக் கட்டாப் பேப்பர் கிடக்கிற மேஜையில என் பேப்பர் தனியாத் தெரியணும். அதுக்குத்தான் நீலம்.”

“வேலை பார்த்ததே மூணு வருஷம். இதுல தனியா வேற தெரியணுமாக்கும்!”

அவள் நீலத்தை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக்கினாள். போட்டோவையும் ஒரு சுற்றுப் பெரிதாக்கினாள்.

அவர் விடுகிற ரகமா? திரையில் விரலை வைத்தார். “இது என்ன, நட்ட நடுவுல ஒரு கட்டம்?”

கட்டத்துக்குள் கொட்டை எழுத்தில் இருந்தது: ‘வீட்டு நிர்வாகம், ஒன்பது ஆண்டுகள். படுத்த படுக்கையாக இருந்த முதியவரை எழுந்து நடக்க வைத்தது. இரண்டு குழந்தைகளை வளர்த்தது. மாதாமாதம் பற்றாத சம்பளத்தில் வீட்டை ஓட்டியது. விடுப்பு: எடுத்ததில்லை.’

“முதல்ல இதைத் தூக்கு. வீட்டு வேலையெல்லாம் ஒரு வேலைன்னு எழுதினா சிரிப்பாச் சிரிப்பாங்க.”

“நடுவுல ஒன்பது வருஷம் எங்கேன்னு கேட்டா?”

“தேதியைப் பொடி எழுத்துல போடு. யார் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கப் போறாங்க?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னவர், அந்த ஒன்பது வருஷமும் அவள் வடித்த சோற்றைத்தான் தின்றார். படுக்கையில் கிடந்ததும் அவரைப் பெற்ற அம்மாதான்.

மறுநாள் கேட்டார். “கட்டத்தை எடுத்தியா?”

“எடுத்துட்டேன்.”

பொய்யில்லை. முதல் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டாள். எடுத்ததை எழுத்தைப் பெரிதாக்கி, இரண்டாம் பக்கம் முழுக்கப் பரப்பிவிட்டாள். நீலப் பட்டையும் அதிலுள்ள பெயரும் இரண்டு பக்கத்துக்கும் பொது. முதல் பக்கத்தில் பெயரை டைப் அடித்தால் அடுத்த பக்கத்திலும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படி அமைக்கக் கற்றுக்கொள்ளவே அவளுக்கு ஒரு மத்தியானம் ஆனது.

“எதுக்கும் நீ மனு போடற அந்தக் கம்பெனியை நம்பிக்கிட்டு இருக்காதே. அவங்க ஆள் எடுக்கிற லட்சணம் எனக்குத் தெரியும்” என்றார் அவர். அந்த வாரம் அவரும் கம்ப்யூட்டரே கதி என்று கிடந்தார். ஆபீஸ் வேலையாம்.

கம்பெனியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. கிளை அலுவலகத்தை நிர்வகிக்கும் வேலை. கண்ணாடி அறைக்குள் பெண் மேலாளர் ஒருவர் அவளுடைய பயோடேட்டாவைக் கையில் வைத்திருந்தார்.

“பளிச்சுன்னு இருக்கு. கண்ணு தானா இதுல போய் நிக்குது” என்றபடி பக்கத்தைப் புரட்டியவர், சட்டென்று முகம் மாறினார்.

“இந்த ரெண்டாம் பக்கத்தை எங்கேயிருந்து எடுத்தீங்க?”

“நானே எழுதினதுதான் மேடம்.”

“பொய் சொல்லாதீங்க.” மேலாளர் இழுப்பறையைத் திறந்து இன்னொரு பயோடேட்டாவை எடுத்தார். “இதே நீலம், இதே எழுத்து, வரிக்கு வரி இதேதான். கணக்குப் பிரிவுக்கு மனு போட்ட ஒருத்தரோடது. நாளைக்கு வரச் சொல்லியிருக்கோம். ஒரு ஆம்பளை, ஆபீசுக்கும் போய்க்கிட்டு, படுக்கையில கிடந்தவங்களையும் பார்த்துக்கிட்டு, பிள்ளைங்களையும் வளர்த்திருக்காரேன்னு படிச்சப்போ எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அந்த மனுஷன் எழுதினதைப் போய்க் காப்பி அடிச்சிருக்கீங்களே!”

நீலப் பட்டையில் இருந்த பெயரை அவள் படித்தாள். பாவி மனுஷன்! கம்ப்யூட்டரில் அவள் செய்து வைத்ததையே எடுத்து, முதல் பக்கத்தில் தன் படிப்பையும் வேலையையும் அடித்து நிரப்பியவர், கீழே இறக்கிப் பார்க்கவே இல்லை.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்க்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் அழுதிருப்பாள். இன்று அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மேடம், அவர் எழுதினா கண்ணு கலங்குது. நான் எழுதினா காப்பியா?”

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

“முதல் பக்கத்துல அடியில முகவரி இருக்கு. ரெண்டு பேப்பர்லயும் அதை மட்டும் படிச்சுப் பாருங்க.”

மேலாளர் படித்தார். மறுபடி படித்தார். அதே தெரு. அதே கதவு எண்.

“அப்போ இவர் உங்க...?”

“வீட்டுக்காரர். நீலப் பட்டையைப் பார்த்து சர்க்கஸ் நோட்டீஸுன்னு சொன்னவர். படுக்கையில கிடந்தது எங்க மாமியார். அவங்களுக்கு ராத்திரி எந்த மாத்திரைன்னு நாளைக்கு அவரைக் கேட்டுப் பாருங்க. முழிப்பார்.”

மேலாளர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுடைய பயோடேட்டாவில் கையெழுத்துப் போட்டார்.

“உங்க வேலை உங்களுக்குத்தான். தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க.” பிறகு கணவருடைய காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். “இந்த ரெண்டாம் பக்கத்தை என்ன பண்றது? பொய்னு சிவப்பு மையால அடிச்சுடவா?”

“அடிக்காதீங்க மேடம்” என்றாள் அவள். “நான் இங்க சேர்ற அன்னையிலேருந்து, அதுல இருக்கற வேலையெல்லாம் அவரோடதுதான்.”