விடு, தடு

அவள் அந்த வரியை மூன்றாவது முறை படித்தாள்.

பத்திரத்துக்கு வயது நூற்று எழுபது. எழுதியவர் ஒரு பாதிரியார். தோப்பை விற்கும்போது, அதிலிருந்த கிணற்றைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு வரி சேர்த்திருந்தார்.

தண்ணீர் ஊரார் எல்லோருக்கும்.

தண்ணீருக்கு வருகிறவர்களைத் தோப்புக்காரர் விடக் கூடாது.

எல்லோருக்கும் என்றவர், அடுத்த வரியிலேயே விடக் கூடாது என்பாரா?

அந்த இடத்தில் இருந்த சொல், லெட். விடு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

நான்கு வருடங்களுக்கு முன் அதை அப்படித் தமிழில் எழுதியவள் அவள்தான். சுகிர்தா, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். அந்தத் தாளைக் காட்டித்தான் தோப்புக்காரர் இடைக்கால உத்தரவு வாங்கினார். பாதையில் கதவு வந்தது. கதவில் பூட்டு. ஊர்ப் பெண்கள் குடத்தோடு இரண்டு மைல் சுற்றினார்கள்.

இப்போது இறுதி விசாரணை. மொழிபெயர்ப்புக்கு இன்னொரு நகல் கேட்டிருந்தார்கள். பழையதிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம்.

அவள் பெரிய அகராதியை இறக்கினாள்.

லெட் இரண்டு இருந்தது.

ஆயிரம் வருடங்களுக்கு முன் லேட்டன் என்றொரு சொல். பொருள், விடு. பக்கத்திலேயே லெட்டன் என்று இன்னொன்று. பொருள், தடு. மந்தமான, தாமதமான என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. தடுப்பது என்றால் ஒருவரைத் தாமதமாக்குவது.

காலப்போக்கில் இரண்டுக்கும் வால் உதிர்ந்தது. இரண்டும் ஒரே மூன்று எழுத்தில் வந்து நின்றன.

ஒரே முகம். எதிரெதிர்ப் பேச்சு.

எத்தனை அழகு என்று நினைத்தாள். சற்று நேரம் வேறெதுவும் நினைவில் இல்லை.

பிறகு கதவு நினைவுக்கு வந்தது.

விசாரணை நாளில், தடுக்கக் கூடாது என்ற புதிய மொழிபெயர்ப்பை அவள் விளக்கிக்கொண்டிருக்க, தோப்புக்காரரின் வக்கீல் பாதியிலேயே எழுந்தார். "லெட்னா விடுறதுதானே ஐயா. இதுல என்ன இருக்கு?"

அவள் தன் பாஸ்போர்ட்டை அவரிடம் நீட்டினாள். "முதல் பக்கத்தைப் படிங்க சார்."

இதை வைத்திருப்பவரை லெட்டோ இடையூறோ இல்லாமல் போக விடுங்கள் என்று குடியரசுத் தலைவரின் பெயரால் அச்சிட்டிருந்தது.

அவர் இருமுறை படித்தார். மூடினார். இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"இருபது வருஷமா எங்கிட்டயும் இருக்கும்மா. ஒரு நாளும் படிச்சதில்ல."

நீதிபதி பழைய தாளைத் தூக்கிப் பிடித்தார். "இதை எழுதினது யாரு?"

"நான்தான் ஐயா."



நீதிபதி அவளை நிமிர்ந்து பார்த்தார். பேனாவை எடுத்தார். மாலைக்குள் பூட்டைத் திறக்க வேண்டும் என்று எழுதினார்.

வராந்தாவில் ஜெபக்கனி நின்றுகொண்டிருந்தார். ஊருக்காக வழக்கை நடத்தியவர். நான்கு வருடம் சுற்றுவழியில் குடம் சுமந்த இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

சுகிர்தா அவர்முன் தலை குனிந்தாள். திட்டட்டும்.

"அந்த எழுத்தக் கொஞ்சம் காட்டுங்கம்மா."

காட்டினாள். ஜெபக்கனி விரலை வைத்தார். விரலுக்கடியில் சொல் முழுதும் மறைந்துவிட்டது.

"இம்புட்டுத்தானா?"

"இவ்வளவுதான். தப்பாப் படிச்சது நான்."

"வாசிச்சவளுக்குத்தான தப்பு வரும்." விரலை எடுத்துக்கொண்டார். "சாயங்காலம் பூட்டத் திறக்கும்போது நீங்களும் நிக்கணும். வாரியளா?"

சுகிர்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"உங்க ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ்?" என்றாள்.