மூன்று விரல்

ஆங்கிலப் படத்துக்குத் தமிழ் வசனம் எழுத அன்றுதான் ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார் வசனகர்த்தா. கதாநாயகன் சொன்ன சொல்லை அசை பிரித்தார்.

“கம்-ஃபர்-ட-பிள். நாலு அசை. தமிழ்லயும் நாலு இருந்தாத்தான் வாய்க்குப் பொருந்தும்.”

எதிரே இருந்த எடிட்டர் அம்மா தலையசைத்து மறுத்து, மூன்று விரல் காட்டினார்.

“டிக்‌ஷனரியிலயே நாலுதாம்மா!”

மறுபடியும் மூன்று விரல்.

சவுண்ட் இன்ஜினியர் காட்சியைத் திரும்ப ஓட்டினார். நாயகன் அவசரத்தில் “கம்ஃப்-ட-பிள்” என்றுதான் சொல்லியிருந்தான். மூன்றேதான்! காலையிலிருந்து ஒரு சொல்லில்கூட அந்த அம்மா பிசகவில்லை.

“என்ன காதும்மா உங்களுக்கு! வரம் வாங்கிட்டு வந்திருக்கீங்க!”

எடிட்டர் அம்மா அதற்குள் தன் திரைப் பக்கம் திரும்பியிருந்தார்.

“அம்மா, கோவமா?” வசனகர்த்தா உரக்கவே கேட்டார். அசைவில்லை.

இன்ஜினியர் எழுந்து விளக்கை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டதும், சட்டென்று திரும்பிப் புன்னகைத்தார் எடிட்டர் அம்மா.

“பிறவியிலேயே அவங்களுக்குக் காது கேக்காது சார். தாடை எத்தனை தடவை இறங்குதுன்னு பார்த்தே சொல்லிடுவாங்க.”

வசனகர்த்தா தாடைக்கடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை மெல்ல, மிக மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

எடிட்டர் அம்மா சிரித்துக்கொண்டே நான்கு விரல் காட்டினார்.