அடைக்காமல் விட்டது

அரிசோனாவில் மழை தொடங்குமுன் நாங்கள் குடியிருக்கும் கேரவன் வண்டியின் கூரையை நானும் என் மனைவி லொரெய்னும்தான் சரிசெய்வோம். ஒழுகிய இடத்தை அவள் உள்ளேயிருந்து தட்டிக் காட்டுவாள். மேலே மண்டியிட்டு நான் அங்கே பசையைப் பிதுக்கி அடைப்பேன். நாங்கள் சண்டையில்லாமல் செய்யும் ஒரே வேலை அது.

அன்று, "ஏறிட்டேன்" என்று நான் குரல் கொடுத்ததும் தட்டல் வந்தது. முதலில் படுக்கைக்கு மேலே, பிறகு காற்றுத் துவாரத்தின் ஓரம், பிறகு முன்பக்க மூட்டு. அடைத்த இடத்தில் தட்டல் நின்று, வேறிடத்தில் தொடங்கும். போகப் போக வேகம் கூடியது.

"கொஞ்சம் பொறு. எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?"

கடைசியில் எங்கும் சத்தமில்லை. இறங்கினேன். லொரெய்ன் துணிக்கூடையோடு சலவைக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

"தனியா யார்கிட்ட கத்திக்கிட்டிருக்க, கிழவா?"

"நீ உள்ள இல்லையா?"

"நீ ஏணி எடுக்கப் போனப்பவே பூட்டிட்டுக் கிளம்பிட்டேனே."

சாவியை எடுத்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நான் அடைக்காமல் விட்டது கதவு ஒன்றைத்தான். யாரோ அதை உள்ளேயிருந்து தட்டினார்கள்.