நாற்பத்தொரு ‘தூ’

“தூ” என்றார் பேராசிரியர். எதிரில் உட்கார்ந்திருந்த டீச்சர் சட்டென்று முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அவர் துப்பவில்லை, வாசித்தார். ஆலயத்தின் சின்ன அலுவலக அறையில், எழுபது வருடத்துக்கு முந்தைய ஆராதனைப் பதிவேடு மேசைமேல் விரிந்து கிடந்தது. சில பெயர்களுக்கு நேராகப் பொடி எழுத்தில் ‘தூ’ என்று ஒரு குறி.

அந்த ஓர் எழுத்தை வைத்தே முந்நூறு பக்கம் எழுதித் துறைத் தலைவரும் ஆகிவிட்டவர் அவர். இரண்டு எழுத்து கிடைத்திருந்தால் துணைவேந்தராகியிருப்பார்.

‘தூ’ என்றால் தூஷணக்காரர், போதகரின் பிரசங்கத்தைத் துணிந்து பழித்தவர்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. அப்படி ஒரு கலகமே சபைக்குள் நடந்ததாம். புத்தகத்துக்கு ‘எழுச்சி’ என்று பெயர் வைத்திருந்தார்.

“அதைப் போய் நீ என்னன்னு எழுதியிருக்கே?” டீச்சரின் ஆய்வேட்டைச் சிவப்புப் பேனாவால் தட்டினார். “‘பொருள் உறுதியாகத் தெரியவில்லை.’ வெக்கமா இல்ல? பள்ளிக்கூடத்துல அட்டெண்டன்ஸ் எடுக்கிற மூளையோட ஆராய்ச்சிக்கு வந்தா இப்படித்தான்.”

சபையும் சமூகமும் பற்றி ஏழு வருடமாக, விடுமுறை ஒன்றுவிடாமல் செலவிட்டு டீச்சர் எழுதிய ஆய்வு அது. இன்று ஐந்து மணிக்குள் வழிகாட்டியான பேராசிரியரின் கையெழுத்து விழாவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும், ஏழு வருடமும் எடைக்குத்தான் போகும்.

அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

“சார், ஒரு சின்ன சந்தேகம். கலகம்னா யாரையாவது சபையை விட்டு நீக்கியிருப்பாங்க. ஒருத்தரைக்கூட நீக்கலையே.”

“நீக்கினா கலகம் பரவும்மா. அதனால வேற விதமா அடக்கினாங்க.” பக்கத்தைப் புரட்டினார். “இங்க பாரு. இந்த வருஷம் பெஞ்சுங்களோட சாய்மானத்தை எல்லாம் அறுத்து எடுத்துட்டாங்க. உடம்பை வதைக்கிற தண்டனை. அடுத்த வாரமே ‘தூ’ பாதியாக் குறைஞ்சுபோச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் உனக்கு?”

அவர் விரல் ஒரு பெயரில் போய் நின்றது. குரல் குழைந்தது.

“எங்க தாத்தா. ஒரே வருஷத்துல நாப்பத்தொரு ‘தூ’. சாய்மானம் போன பிறகும் மனுஷன் அசரல. அவர்தான் தலைவர். புத்தகத்தை அவருக்குத்தான் சமர்ப்பணம் பண்ணியிருக்கேன்.”

அப்போது மணியடிப்பவர் துடைப்பத்துடன் உள்ளே வந்தார். ஆலயத்தைப் பெருக்கி, மணியடித்து, பூட்டிச் சாவியைப் பத்திரப்படுத்துகிற கிழவர். அவருக்கு முன்னால் அவர் அப்பாவும் இதே வேலையில்தான் இருந்தார்.

பேராசிரியர் அவர் முகத்தைப் பார்க்காமலே காலை மட்டும் தூக்கிக்கொண்டார். இருபது வருடமாக இந்த அறைக்கு வந்துபோகிறவர், இவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டதோடு சரி.

“வெறும் சந்தேகத்துக்கெல்லாம் என்கிட்ட மதிப்பு கிடையாது” என்றார் டீச்சரிடம். “அந்த வரியை அடிச்சுட்டு நான் சொன்னதை எழுது. இல்லையா, ‘தூ’வுக்கு வேற அர்த்தம் இருக்குன்னு ஒரே ஒரு சாட்சி கொண்டு வா. இந்த மேசையிலேயே கையெழுத்துப் போடறேன்.”

டீச்சர் துடைப்பக்காரர் பக்கம் திரும்பினாள். “ஐயா, இந்தப் பதிவேட்டை எழுதினது யாருன்னு தெரியுமா?”

“இந்தாளையா கேக்கறே?” பேராசிரியர் தொப்பை குலுங்கச் சிரித்தார். “கேளு, கேளு. அடிக்குறிப்புல ‘ஆதாரம்: துடைப்பம்’னு போட்டுக்கோ.”

மணியடிப்பவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“எங்கப்பா எழுத்துதாம்மா. அப்ப இருந்த போதகர் ரெண்டு மணி நேரம் பிரசங்கம் பண்ணுவாராம். அப்பா ஒரு நீளக் கோலோட பின்னால நிக்கணும். தூங்கறவங்களைத் தட்டி எழுப்பிட்டு, பேருக்கு நேரா ‘தூ’ன்னு போடணும். அது போதகரோட உத்தரவு.”

பேனா மூடி மேசையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. பேராசிரியர் கையெழுத்துப் போடவேண்டிய பக்கத்தைப் பிரித்து, டீச்சர் சத்தமில்லாமல் அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

பேராசிரியரின் விரல் இன்னும் தாத்தாவின் பெயரிலேயே இருந்தது. மணியடிப்பவர் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். அவர் முகம் மலர்ந்தது.

“அட, இவரா? அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. இவரை மட்டும் எழுப்பவே முடியாதாம்.”