பெனாயாவின் முன்பல்

இரண்டு ஊர்க்காரர்களும் மைதானத்தில் தவழ்ந்துகொண்டிருந்தோம், ஒரு பல்லைத் தேடி.

"காலைப் பாத்து வைங்க, மிதிச்சிராதீங்க!" நர்ஸ் அகானிசி கத்திக்கொண்டே இருந்தாள். "கிடைச்சா வேரைத் தொடக் கூடாது, வெள்ளைப் பக்கமாப் பிடிங்க. தேய்ச்சுக் கழுவிராதீங்க. அரைமணி நேரத்துல திருப்பி வச்சா ஒட்டிக்கும். காய விட்டீங்க, போச்சு!"

பல்லைப் போட்டு வைக்கக் கடையிலிருந்து ஒரு பெட்டிப் பால் வந்து தயாராக இருந்தது. பல்தான் இல்லை.

பெனாயா கோல்கம்பத்தடியில் துணியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் ரத்தம். ரக்பி ஆட்டத்தில் பத்துப் பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழுந்தபோது அவனுடைய மேல்வரிசை முன்பல்லைக் காணோம். எவனுடைய முழங்காலோ பட்டிருக்கும் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

திங்கட்கிழமை அவன் ரிசார்ட் வரவேற்பில் வேலைக்குச் சேர வேண்டியவன். அங்கே சிரிப்பதற்குத்தான் சம்பளம். பல் டாக்டரோ லபாசா டவுனில். படகு, அப்புறம் பஸ். அதுவரை பல் தாங்காது.

நானும் தேடினேன். மற்ற எல்லோரையும்விட மும்முரமாகத் தேடினேன்.

"பாரு, மச்சான்காரன் எப்படித் துடிக்கிறான்னு," என்றாள் என் அத்தை, பெனாயாவின் அம்மா. கூடவே தவழ்ந்து வந்து என் தலையைத் தடவினாள். "அழாதடா எமோரி. கிடைச்சிரும்."

தலையை மட்டும் ஆட்டினேன். பேச முடியவில்லை.

பல் என் வாயில் இருந்தது.

குவியலின் அடியில் அவனைக் குத்தியது நான்தான். ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவன் ஒரே கேலி. "ஃபிஜி அணித் தேர்வு முகாம்ல உன்னைப் பந்து பொறுக்க வச்சாங்களாமே, மச்சான்?" என்று காதோரம் கேட்டான். எங்களில் மச்சான் மச்சானை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கோபப்படத்தான் கூடாது. கோபப்பட்டால் அதைவிடக் கேவலம் வேறில்லை.

நான் முஷ்டியை மடக்கிவிட்டேன்.

எழுந்து பார்த்தால், ஆட்டத்துக்காக விரலில் சுற்றியிருந்த துணிப் பட்டையில் பல் சிக்கியிருந்தது, வேரோடு.

அப்போதே நீட்டியிருக்கலாம். எங்கே கிடைத்தது என்று கேட்பார்களே. அப்புறம் என் அப்பா பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, எங்கள் வழக்கப்படி திமிங்கலப் பல்லைக் கையில் ஏந்தி, மாமா வீட்டில் தலைகுனிந்து உட்கார்ந்து எனக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒரு முன்பல்லுக்கு ஒரு திமிங்கலப் பல். ஊர் பத்து வருஷம் பேசும்.

பால் வருவதற்கு முன்னால் அகானிசி ஒன்று சொல்லியிருந்தாள். "பால் கிடைக்கலேன்னா அவன் கன்னத்துக்குள்ளயே அடக்கி வச்சுக்கலாம், எச்சில்ல காயாம இருக்கும்."

முகத்தைத் துடைப்பதுபோல் கையை வாய்க்குக் கொண்டுபோனேன்.

பல்லும் பிழைத்தது, மானமும் பிழைத்தது என்று நினைத்தேன். வெட்கங்கெட்ட புத்தி. அவன் ரத்தம் என் நாக்கில் கரித்தது. விழுங்கிவிடுவேனோ என்று பயம். துப்ப ஒரு மறைவிடம் கிடைக்கவில்லை. எந்தப் பக்கம் தவழ்ந்தாலும் அத்தை கூடவே வந்தாள்.

"இருபது நிமிஷம் ஆச்சு!" என்றாள் அகானிசி.

பெனாயா என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். வலி தாங்காமல் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லைக்கோட்டருகே குப்புற விழுந்து, புல்லில் முகம் புதைத்துத் துப்பினேன். வெள்ளைப் பக்கமாகப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன்.

"கிடைச்சிருச்சு!"

இரண்டு ஊரும் கை தட்டியது. அத்தை என் நெற்றியில் முத்தமிட்டாள். அதற்குப் பதில் ஓர் அறை வாங்கியிருக்கலாம்.

அகானிசி அதைப் பாலில் அலசி, ஈறின் குழிக்குள் மெல்ல அழுத்தினாள். பெனாயா என் தோளைப் பிடித்துக்கொண்டான், நகம் பதிந்தது. பல் உட்கார்ந்தது. மடித்த துணியைக் கடிக்கக் கொடுத்தாள்.

"நல்ல வேளை, காயவே இல்லை," என்று என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் படகு பார்க்கப் போனாள். கூட்டமும் அவள் பின்னாலேயே கரைக்கு ஓடியது.

நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம்.

பெனாயா துணியைக் கடித்தபடியே என் காதோரம் குனிந்தான்.

"என் பல்லு ருசி எப்படி மச்சான்?"

கேலிதான். கண்ணில் கோபமே இல்லை.

நான் கையை வாய்க்குக் கொண்டுபோனதை அவன் பார்த்திருக்கிறான். கோல்கம்பத்தடியிலிருந்தே என்னை நோக்கி ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும், பல் அப்போதே குழிக்குள் ஏறியிருக்கும். இருபது நிமிடம் அவன் அதைச் செய்யவில்லை. பல் போனாலும் போகட்டும், நானாகவே தரட்டும் என்று உட்கார்ந்திருந்திருக்கிறான்.