தம்பி வரும் பாதை

தேநீர் இரண்டாம் முறையாக ஆறிப்போயிருந்தது.

கோயில் தோட்டத்தில், குளத்தை ஒட்டிய திறந்த கூடத்தில் தலைமைப் பிக்கு கென்யூ முழங்கால் மடித்து உட்கார்ந்திருந்தார். எதிரே உட்காருவதற்கு ஒரு சிறு மெத்தை. தம்பி தத்சுரோவுக்காகப் போட்டது. அதில் ஒரு மேப்பிள் இலை வந்து விழுந்திருந்தது.

கோயிலைவிடப் பழைய குளம் அது. அதன் கரையில் நின்றுதான், இளவயதில், அவர் கத்தினார். அப்பாவையும் அண்ணனையும் போலத் தலையை மழித்துக்கொண்டு பிக்குவாக மாட்டேன், மீன்பிடிக் கப்பலில் சேரப்போகிறேன் என்று தம்பி சொன்ன நாள்.

"போனா போ. இனிமே இந்தத் தோட்டத்துல உன் கால் படக் கூடாது."

படவில்லை. அப்பாவின் இறுதிச் சடங்குக்குக்கூட வெளிவாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

போன வாரம் கென்யூவே தொலைபேசியில் அழைத்தார். குளத்தங்கரைக்கு வா என்றார், அவ்வளவுதான். மன்னிப்பை நேரில் கேட்பதுதான் முறை என்று நினைத்தார்.

"கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி வந்துடுறேண்ணே" என்றான் தம்பி.

சுற்றுலா வந்த மூன்று பேர் கெண்டை மீன்களைப் படம் எடுத்தபடி போனார்கள். இன்றைக்கு ஒருவரும் இந்தப் பக்கம் வரக் கூடாது என்று காலையிலேயே ஏற்பாடு செய்திருந்தாரே! எரிச்சலாக வந்தது.

மனைவி மிசாவோ வெந்நீர்க் கெண்டியோடு வந்தாள்.

"இன்னும் இங்கயா உக்காந்திருக்கீங்க? அவர் அப்பவே போயிட்டாரே!"

"யாரு?"

"உங்க தம்பிதான். பாதை பிரியுற இடத்துல ரொம்ப நேரம் நின்னாரு. நான் கிட்டப் போனதும், 'புரிஞ்சுது அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லிடுங்க'ன்னு குனிஞ்சு வணங்கிட்டுத் திரும்பிட்டாரு. நீங்க பேசி முடிச்சிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."

பாதை பிரியும் இடம்.

அங்கே, பாதையில் பதித்த மிதிகல்லின் நடுவில், கறுப்புக் கயிறு சுற்றிய ஒரு சிறு கல்லைக் காலையில் கென்யூ தன் கையால் வைத்திருந்தார். இதைத் தாண்டாதே என்று அதற்கு அர்த்தம். இந்தத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது எழுத்துக்கு முன்பே தெரிந்துவிடும்.

வெளியாட்களுக்காக வைத்தது. தம்பியோடு தனியாக இருக்க வேண்டும் என்று வைத்தது.

"ஊரு சுத்த வந்தவன் எல்லாம் அந்தக் கல்லத் தாண்டிக்கிட்டுத்தான் வர்றான்" என்றாள் மிசாவோ, மெதுவாக. "மதிச்சது அவர் ஒருத்தர்தான்."

கென்யூ வெறுங்காலோடு ஓடினார். அந்த வயதில், அந்த அங்கியில்.

வெளிவாசலை அடைந்தபோது பேருந்து நகரத் தொடங்கியிருந்தது. ஜன்னல் வழியே தத்சுரோ அவரைப் பார்த்துவிட்டான். சட்டென்று இருக்கையிலிருந்து எழுந்தான். தலையெல்லாம் நரைத்திருந்தது. இடுப்பு வரை குனிந்து அண்ணனை வணங்கினான்.

ஒரு கையை உயர்த்தினால் போதும். ஓட்டுநர் தெரிந்தவர்தான், நிறுத்தியிருப்பார்.

ஆனால் விருந்தாளிகளை அந்த வாசலில் நின்று வழியனுப்பியே பழகிய உடம்பு அது. கை எழும் முன்பே முதுகு வளைந்துவிட்டது.

வண்டிச் சத்தம் முழுதாக அடங்கும் வரை அவர் நிமிரவில்லை.