எரிச்சல் கோடு

"அசையாதீங்க. முடியற வரைக்கும் வாயையும் திறக்காதீங்க." கடைசிக் கம்பியை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாளின் நெற்றியில் அழுத்தினாள் அவள். மொத்தம் பதினாறு கம்பிகள். அந்த அம்மாள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்.

"வலிக்காதும்மா. பேசினா தாடை அசைஞ்சு மானிட்டர்ல ஓடுற கோடு குழம்பிடும், அவ்வளவுதான். இந்தத் திரையில நாலு பேருக்கு டோக்கன் போடுங்க. எங்க எரிச்சல் வருதுன்னு உங்க மூளையே எங்களுக்குச் சொல்லிடும்."

அந்த அம்மாள் ஆஸ்பத்திரி வரவேற்பில் இருபது வருடம் குப்பை கொட்டியவர். டோக்கன் போடும் இந்தப் புது சாஃப்ட்வேர் அவள் எழுதியது. இரண்டு வருட உழைப்பு. இன்று கோடு சிவந்தால் அது குப்பைக்கு, அவள் வீட்டுக்கு.

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து, மைக்கின் அடியிலிருந்த பொத்தானை அழுத்திப் பிடித்து, "ஆரம்பிங்கம்மா" என்று சொல்லி விரலை எடுத்தாள். மானிட்டரில் கோடு பச்சையில் சமர்த்தாக ஓடியது.

மேனேஜர் உள்ளே நுழைந்தார். கையிலிருந்த தடி ஃபைலை மைக்கின் அடியில் பொத்தென்று போட்டார்.

"இதுவா நீ பிடிச்ச ஆளு? இது மவுஸைப் பிடிக்கவே மத்தியானம் ஆயிடும்."

கோடு சிவப்புக்குத் தாவியது.

"பாத்தியா? முதல் திரைக்கே காறித் துப்புது!"

"சார், இன்னும்..."

"என்ன நொன்னும்? டோக்கன் கிழிக்கிற மூஞ்சிக்குச் சம்பளமே தண்டம். அதுக்கேத்த சாஃப்ட்வேர் உன்னுது."

கோடு உச்சியைத் தொட்டது.

அவருடைய செல்போன் அடித்தது. வெளியே போனார். அவள் நகத்தைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு மெல்ல இறங்கி, மூன்றாவது டோக்கன் முழுக்கப் பச்சையிலேயே நடந்தது.

திரும்பி வந்தவர் பச்சையைப் பார்த்து முறைத்தார். "நான் அந்தப் பக்கம் போனதும் எதையாவது நோண்டினியா?"

குபீரென்று மறுபடி சிவப்பு.

"போதும். உன் பெட்டியைக் கட்டு. நாளைக்கு இந்தப் பக்கம் வராதே."

அவள் உள்ளே போய்க் கம்பிகளைக் கழற்றினாள். "எந்த இடத்துலம்மா அவ்வளவு எரிச்சல்?"

வாசலில் சாய்ந்து நின்ற மேனேஜர் இளித்தார். "கூச்சப்படாம சொல்லுங்க."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கூரையிலிருந்த ஸ்பீக்கரைக் காட்டினார்.

"ஓ, அதுக்குள்ளேருந்து பேசினது இவர்தானா? இவர் வாயை மூடியிருந்தப்ப உங்க சாஃப்ட்வேர் நல்லாத்தாம்மா இருந்துச்சு."